பாஸ்டன் நார்த் எண்டில் இரண்டு பேருக்கு ஓர் இத்தாலியச் சாப்பாடு: மேசை பிடிப்பது முதல் மிச்சத்தைச் சூடாக்குவது வரை

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மேசை உங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மரியாதையாகத்தான் நடத்துவார்கள், ஆனால் முப்பது நாற்காலிக்கு மேல் போட முடியாத ஒரு கடையில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே மேசையில் மூன்று பந்தி நடந்தால்தான் வாடகை கட்டிவரும். இது தெரியாமல் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் கல்யாண நாளுக்கு முதல்முறை நார்த் எண்டுக்குப் போனோம். ஆறரைக்கு உட்கார்ந்தோம். ஆற அமர மூன்று மணி நேரம் பேசலாம் என்று நினைப்பு. ஏழே முக்காலுக்குத் தட்டுகள் போய்விட்டன, எட்டு மணிக்குச் சின்னக் கறுப்பு அட்டைக்குள் பில் வந்துவிட்டது. காபி, இனிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டால், "இங்கே அதெல்லாம் இல்லை, தெருவில் நாலு கடை தள்ளிப் போங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் பரிமாறிய பெண். எங்களுக்கு முகம் சுருங்கிப்போனது. விரட்டுகிறார்கள் என்று நினைத்து நேராக ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்போம். அந்தப் பெண் வழிதான் சொல்லியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. அந்தப் பேட்டையில் மாலை என்பதே இரண்டு பாதி: சாப்பாடு ஒரு கடையில், இனிப்பும் காபியும் இன்னொரு கடையில், நடுவில் நடை. பேச்சை நடைக்கும் காபிக்கும் வைத்துக்கொண்டால் மேசையில் அவசரமே தெரியாது. கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

இடம் எது

நார்த் எண்ட் பாஸ்டன் டவுன்டவுனை ஒட்டிய பழைய குடியிருப்பு. மொத்தமே ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஐரிஷ்காரர்களும் யூதர்களும் இருந்த இடத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கு இத்தாலியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினார்கள். 1950களில் கட்டிய மேம்பாலச் சாலை ஒன்று இந்தப் பேட்டையை நகரத்திலிருந்து சுவர் மாதிரி வெட்டி வைத்திருந்தது. அந்தச் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டு, மேலே இருந்த இடத்தில் 2008-இல் கிரீன்வே என்ற நீளமான பூங்காவைத் திறந்தார்கள். இன்று ரயிலடியில் இறங்கி அந்தப் பூங்காவைக் குறுக்கே கடந்தால் ஹேனோவர் தெரு, அதற்கு இணையாகக் குறுகலான சேலம் தெரு. இரண்டிலும் வாசலுக்கு வாசல் சாப்பாட்டுக் கடை.

சேலம் என்றதும் நம்ம ஊர் ஞாபகம் வரும், தொடர்பு ஒன்றும் இல்லை.

இங்கே கிடைப்பது பெரும்பாலும் இத்தாலிய அமெரிக்கச் சமையல், இத்தாலிக்குப் போய்வந்தவர்கள் அதே ருசியைத் தேட வேண்டாம். சிக்கன் பார்மேசான், ஸ்பெகட்டிக்கு மேல் இறைச்சி உருண்டை, க்ரீம் ஊற்றிய ஆல்ஃப்ரெடோ எல்லாம் இங்கே வந்தவர்கள் இங்கே மலிவாகக் கிடைத்த இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் வைத்துப் பெருக்கிக்கொண்டவை. அவர்கள் ஊரில் கத்தரிக்காயில் செய்ததை இங்கே கோழியில் செய்தார்கள், அவ்வளவுதான். தப்பான சாப்பாடு என்று அதை மட்டம் தட்டுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மலேசியாவில் ரொட்டி சானாய் தப்பான பரோட்டாவா என்ன?

நாள் பார்ப்பது

முகூர்த்தம் பார்க்கிற மாதிரியே பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாள். திங்கள்கிழமை சில கடைகள் மூடியிருக்கும். வெள்ளி, சனி என்றால் ஐந்தரைக்குப் போங்கள், இல்லாவிட்டால் எட்டரைக்கு. இடைப்பட்ட நேரம் கூட்டம் நெரியும்.

பக்கத்திலேயே டிடி கார்டன் அரங்கம் இருக்கிறது, செல்டிக்ஸ் கூடைப்பந்தும் ப்ரூயின்ஸ் ஐஸ் ஹாக்கியும் அங்கேதான். ஆட்டம் உள்ள நாளில் சாயங்காலமே ஆட்கள் வந்து குவிவார்கள், ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு எழுந்து ஓடிவிடுவார்கள். அன்றைக்கு ஏழரை மணி மேசை கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதனால் முன்பதிவுக்கு முன்னால் ஆட்ட அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: பிப்ரவரி 14 (அன்று பல கடைகளில் வழக்கமான மெனுவே இருக்காது, ஒரே விலைக்கு அவர்கள் தருவதுதான்), மே மாதம் பட்டமளிப்பு வாரங்கள், அப்புறம் ஏப்ரலில் மாரத்தானுக்கு முந்தைய ஞாயிறு. மாரத்தான் ஏப்ரல் மூன்றாம் திங்களில் நடக்கும், முந்தின நாள் ராத்திரி ஓடப்போகிறவர்கள் எல்லாரும் மாவுச்சத்து ஏற்ற பாஸ்தா தேடி இங்கேதான் வருவார்கள். ஆகஸ்ட் கடைசி வாரக் கடைசியில் புனித அந்தோணியார் திருவிழா, 1919-இலிருந்து நடக்கிறது. சொரூபத்தில் நோட்டுகளைக் குத்தி ஊர்வலமாகத் தூக்கி வருவதைப் பார்க்கக் கட்டாயம் போங்கள், வேளாங்கண்ணித் தேர் பார்த்தவர்களுக்குக் கண் கலங்கும். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படாதீர்கள்.

மேசை பதிவு

போன் ஆப்பில் பதியலாம், சில சின்னக் கடைகள் பதிவே எடுப்பதில்லை, வாசலில் நிற்க வேண்டியதுதான். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே வாசலில் முக்கால் மணி நேரம் நிற்பது காதலுக்கு நல்லதல்ல, அனுபவத்தில் சொல்கிறேன். குளிர்காலத்தில் பதிவு எடுக்கும் கடையையே பாருங்கள்.

பதியும்போது கார்டு எண் கேட்பார்கள், வராமல் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, ரத்து செய்யும் கெடுவைப் படித்துவையுங்கள். குறிப்பு எழுதும் பெட்டியில் இரண்டு விஷயம் போடுங்கள்: விசேஷ நாள் என்றால் அது, சைவம் என்றால் அதுவும். சன்னலோர மேசை கேட்டுப் பார்க்கலாம், தருவார்கள் என்று நம்பிக்கை வேண்டாம். தெருவில் மேசை போட்டிருக்கும் பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், கொரோனா காலத்தில் கார் நிறுத்தும் இடத்தில் போட்டிருந்த மேசைகளை 2023-இல் நகராட்சி இந்தப் பேட்டையில் மட்டும் நிறுத்திவிட்டது.

இரண்டு பேரும் வந்தால்தான் உட்கார வைப்பார்கள். ஒருவர் உள்ளே போய் இடம் பிடிக்க, ஒருவர் கார் நிறுத்திவிட்டு வருவது இங்கே செல்லாது.

போய்ச் சேருவது

கார் வேண்டாம். தெருவோர இடங்களில் முக்கால்வாசி அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒதுக்கியது, பலகையைக் கவனிக்காமல் நிறுத்தி, திரும்பி வரும்போது கண்ணாடியில் அபராதச் சீட்டைப் பார்த்தால் சாப்பிட்டதெல்லாம் கசக்கும். கார் இல்லாமல் முடியாது என்றால் கட்டண நிறுத்தகத்தில் விட்டுவிட்டு, சீட்டில் முத்திரை வைத்துத் தள்ளுபடி தருவார்களா என்று உணவகத்தில் கேளுங்கள், சில இடங்களில் தருகிறார்கள்.

சுரங்க ரயிலில் கிரீன் லைன், ஆரஞ்சு லைன் இரண்டும் ஹேமார்க்கெட் நிலையத்தில் நிற்கும். ஒரு தடவைக்கு 2.40 டாலர். அங்கிருந்து ஐந்து நிமிட நடை. வெள்ளி, சனியில் அந்த நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டிக் காய்கறிச் சந்தை நடக்கும், அங்கே நம்ம ஆட்களைப் பார்க்காத வாரமே இருக்காது. சாப்பிடப் போகிற அன்று சந்தைக்குப் போகாதீர்கள். நாங்கள் ஒரு தடவை ஐந்து டாலருக்கு ஒரு பெட்டி மாம்பழம் என்று ஆசைப்பட்டு வாங்கி, அதை உணவக மேசைக்கடியில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டோம்.

உடை சாதாரணமாகப் போதும். கோட்டு மாட்ட இடம் இருக்காது, நாற்காலி முதுகில்தான் போட வேண்டும், அதனால் மூட்டை மாதிரிக் கோட்டு வேண்டாம். நடைபாதை செங்கல், மேடும் பள்ளமும், குதிகால் செருப்பு மாட்டிக்கொள்ளும்.

உட்கார்ந்த முதல் பத்து நிமிடம்

தண்ணீர் கேட்பார்கள். ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா என்று கேட்டால் இரண்டுமே பாட்டில், இரண்டுக்குமே காசு. "டேப் வாட்டர்" என்றால் இலவசம். "நோ ஐஸ்" சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிசம்பரிலும் டம்ளர் நிறையப் பனிக்கட்டி.

ரொட்டி வந்தால் ஆளுக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள். ஆலிவ் எண்ணெயில் தொட்டுத் தொட்டு நாலு துண்டு உள்ளே போனால் சாப்பாட்டுக்கு இடம் இருக்காது, நம்ம ஆட்கள் பசியோடு போய் ரொட்டியிலேயே தோற்றுப்போவதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

ஒயின் குடிப்பவர்கள் என்றால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். 21 வயதாகிவிட்டதா என்று பார்ப்பார்கள், நரை எட்டிப் பார்க்கும் தலையைக் கண்டும் கேட்பார்கள், இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ஒயின்தான் குடிக்கப் போகிறீர்கள், ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் பாட்டிலாக வாங்குவதே லாபம்: 750 மில்லியில் ஐந்து கிளாஸ் வரும். சிவப்பு சாஸுக்குக் கியான்டி, மீனுக்குப் பினோ கிரீஜோ என்று ஆரம்பித்தால் பழுதில்லை. சின்னக் கடைகள் பலவற்றில் பீர், ஒயின் உரிமம் மட்டும்தான் இருக்கும், விஸ்கி கேட்டு ஏமாற வேண்டாம்.

அடுத்து, பரிமாறுபவர் அன்றைய ஸ்பெஷல்களை மனப்பாடமாக ஒப்பிப்பார். கேட்க இனிமையாக இருக்கும், விலை மட்டும் அதில் வராது. கூச்சப்படாமல் கேளுங்கள். நாங்கள் ஒரு தடவை லாப்ஸ்டர் போட்ட லிங்குவினி பாஸ்தா என்று காதில் விழுந்ததும் தலையாட்டிவிட்டோம், பில்லில் அது ஒன்றே மற்ற எல்லாவற்றையும் சேர்த்த விலைக்கு நின்றது. "ஹவ் மச் இஸ் தட்" என்று கேட்க மூன்று நொடி ஆகியிருக்கும்.

மெனுவைப் படிப்பது

மேலேயிருந்து கீழே: ஆன்டிபாஸ்டி என்பது முன்பண்டங்கள், ப்ரீமி பாஸ்தா வகை, செகோன்டி இறைச்சியும் மீனும், கொன்டோர்னி பக்கக் காய்கறி. இத்தாலியில் வரிசையாக ஒவ்வொன்றும் சின்ன அளவில் வரும். இங்கே பாஸ்தாவே ஒரு குண்டான் வருகிறது, அதனால் வரிசையை மறந்துவிடுங்கள்.

உச்சரிப்புக்குப் பயப்பட வேண்டாம், சில இடங்களில் நமக்குத்தான் வசதி. உருளைக்கிழங்கு உருண்டைகளை எப்படிச் சொல்வது என்று பக்கத்து மேசைக்காரர்கள் தடுமாறும்போது நாம் ஞானத்துக்குப் போடும் ஞ-வை எடுத்துப் போட்டு "ஞோக்கி" என்று சொல்லிவிடலாம், அச்சு அசலாக அதுதான். ரொட்டிமேல் தக்காளி வைத்தது ப்ருஸ்கெட்டா, ப்ருஷெட்டா அல்ல.

காரம் வேண்டுமா, அரபியாத்தா கேளுங்கள், கோபம் என்று பொருள், தக்காளியும் மிளகாயும். கடல் உணவில் காரம் என்றால் ஃப்ரா தியாவோலோ. கோபம் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர நமக்கு அது லேசான சிணுங்கல்தான், "ரெட் பெப்பர் ஃப்ளேக்ஸ்" தனியாகக் கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். கார்பனாராவிலும் அமத்ரிசியானாவிலும் பன்றி இறைச்சி உண்டு. பொலோன்யேஸ் கொத்துக்கறி, பெரும்பாலும் மாடு, சில சமயம் பன்றியும் கலந்து. வீல் என்றால் கன்றுக்குட்டி. மார்சாலா என்ற பேரைப் பார்த்து மசாலா என்று நினைத்துவிடாதீர்கள், அது சிசிலி ஒயின்.

பாஸ்தா அல் தென்தே என்றால் நடுவில் கொஞ்சம் கடிபடும் பதம். வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம், சேமியாக் குழைவை இங்கே யாரும் நல்ல பதம் என்று சொல்ல மாட்டார்கள்.

சைவக்காரர் ஒருவர் கூட இருந்தால்

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அவர் மாயவரத்துச் சைவம், நான் தூத்துக்குடி. இத்தாலியச் சாப்பாடு சைவத்துக்கு வசதி என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. கண்ணுக்குத் தெரிகிற இறைச்சியை யாரும் தவிர்த்துவிடலாம், கரைந்து கிடப்பதுதான் பிரச்சினை.

முதலில் சிவப்பு சாஸ். இந்தப் பேட்டைப் பழைய குடும்பங்கள் தக்காளிச் சாஸையே "கிரேவி" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரேவி என்றால் இறைச்சி உருண்டை, பன்றி விலா, சாசேஜ் எல்லாம் போட்டு மணிக்கணக்கில் கொதித்த சாஸ், பரிமாறும்போது இறைச்சியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சாஸை மட்டும் ஊற்றியிருப்பார்கள். பார்க்க வெறும் தக்காளி. ஆகவே "மரினாராவா, கிரேவியா" என்று கேளுங்கள். மரினாரா என்றால் தக்காளி, பூண்டு, எண்ணெய், துளசி வகை இலை, அவ்வளவே.

சீசர் சாலட் இலைதானே என்று வாங்கிவிடக் கூடாது. 1924-இல் மெக்சிகோவின் டிஹுவானாவில் ஓர் இத்தாலியச் சமையல்காரர் உண்டாக்கியது என்பார்கள், இன்று அதன் சாஸில் நெத்திலி அரைத்துச் சேர்ப்பது வழக்கம். என் வீட்டுக்காரர் பாதித் தட்டு முடித்த பிறகு நான் ஒரு வாய் எடுத்து, "ஏங்க, இதுல நெத்திலி வாசம் வருதே" என்றேன். தூத்துக்குடி மூக்கு. அவர் முள்கரண்டியைக் கீழே வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கோபமாக இல்லை, ரொம்ப மெதுவாக, சத்தமே இல்லாமல் வைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

மினெஸ்ட்ரோனே சூப்பும் ரிசோட்டோ என்ற அரிசிச் சாதமும் கோழி அல்லது மாட்டு எலும்புச் சாறில் செய்வது வழக்கம், கேட்க வேண்டும். புத்தனெஸ்கா சாஸில் நெத்திலி. பன்னகோட்டா இனிப்பில் ஜெலட்டின். அசல் பார்மிஜானோ ரெஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால்தான் உறைய வைக்கப்படுகிறது, விதியே அப்படி. அதை ஏற்காதவர்கள் "நோ சீஸ்" சொல்லிவிடுங்கள், பெஸ்டோவிலும் அது உண்டு என்பதையும் சேர்த்து ஞாபகம் வையுங்கள். புதுப் பாஸ்தாவில் முட்டை இருக்கும், காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக இருக்காது. இங்கே வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் முட்டை தின்பவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். "நோ மீட், நோ ஃபிஷ், நோ ப்ராத், நோ எக்" என்று நாலையும் அடுக்கிச் சொல்வதுதான் சுலபம். யாரும் முகம் சுளித்ததில்லை.

முட்டை பரவாயில்லை என்பவர்களுக்கு என் சிபாரிசு எக்ப்ளான்ட் பார்மேசான். கத்தரிக்காயை நீளவாக்கில் மெல்லிசாகச் சீவி, முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரித்து, சாஸும் மொட்சரெல்லாவும் மாற்றி மாற்றி அடுக்கி அடுப்பில் சுட்டு எடுப்பது. நல்ல கடையில் கரண்டியை வைத்ததும் அடுக்கு அடுக்காகப் பிரியும், கத்தரிக்காய் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஓரத்தில் சீஸ் கருகிய இடம் மொறுமொறுவென்று. அந்த ஓரத்துக்கு எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு தடவையும் சண்டை. சாஸ் மரினாராதான் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முட்டையும் வேண்டாமென்றால் மரினாரா அல்லது அரபியாத்தாவில் காய்ந்த பென்னே பாஸ்தா, கூட ப்ரோக்கோலி ராப் வதக்கல். லேசான கசப்பு, பூண்டு வாசனை, கீரை தின்று வளர்ந்தவர்களுக்குப் பிடித்துப்போகும்.

எவ்வளவு வாங்குவது

நினைத்ததில் பாதி. இரண்டு பேருக்கு முன்பண்டம் ஒன்று, முக்கிய உணவு இரண்டு, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். முக்கிய உணவு இரண்டையும் நடுவில் வைத்துப் பகிர்வது சைவ அசைவ வீட்டில் நடக்காது என்பதால் முன்பண்டத்தைப் பொதுவாக எடுங்கள்: தக்காளியோடு புரட்டா சீஸ் எங்கள் வழக்கம். நான் கலமாரி (கணவாய்) கேட்பதை விட்டுக்கொடுத்து வருடங்களாகிறது, இதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரே உணவை இருவருக்கும் பங்குபோடச் சொன்னால் சில கடைகளில் தட்டுக்கட்டணம் பிடிப்பார்கள், மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

சாப்பிடும்போது சொல்ல அதிகம் இல்லை. மெனுவை மூடி வைத்தால் ஆர்டருக்குத் தயார் என்று பொருள். கையைத் தட்டியோ உரக்கவோ கூப்பிட வேண்டாம், கண்ணைப் பார்த்தால் வருவார்கள், உங்கள் மேசைக்கென்று ஒருவர் இருப்பார், அவரையே பிடியுங்கள். மீன் பாஸ்தாமேல் சீஸ் போடுவதை இத்தாலியர்கள் விரும்ப மாட்டார்கள், உங்களுக்குப் பிடித்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் "ஸ்டில் வர்க்கிங் ஆன் இட்?" என்று கேட்பது தட்டை எடுக்கலாமா என்பதற்கு. மிச்சமானால் "பாக்ஸ்" கேளுங்கள், இங்கே அது கௌரவக் குறைச்சல் இல்லை, பக்கத்து மேசையிலும் அதைத்தான் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பில்

உதாரணத்துக்கு: புரட்டா 18, எக்ப்ளான்ட் பார்மேசான் 25, கடல் உணவு லிங்குவினி 34, ஒரு கிளாஸ் ஒயின் 13. கூட்டினால் 90 டாலர். பாஸ்டனில் உணவுக்கு மாநில வரி 6.25 சதவீதமும் நகர வரி 0.75-ம் சேர்ந்து 7 சதவீதம், அதாவது 6.30. டிப்ஸ் வரிக்கு முந்தைய தொகைக்குப் போட்டால் போதும். 90-இல் பத்தில் ஒரு பங்கு 9, இரட்டித்தால் 18. மொத்தம் 114.30.

இருபது சதவீதமா என்று பெருமூச்சு வரும், எனக்கும் முதலில் வந்தது. மாசசூசெட்ஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர், ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலைக்கு முதலாளி தர வேண்டியது 6.75 மட்டும், மீதி டிப்ஸில் வந்துவிடும் என்ற கணக்கு. வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம். அதைப் படிப்படியாக முழுக்கூலியாக்கலாமா என்று 2024 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு விட்டார்கள், தோற்றுவிட்டது. ஆக, டிப்ஸ்தான் அவர் சம்பளம். சேவை சுமாராக இருந்தால் 15-க்கு இறங்கலாம், அதற்குக் கீழே போவது பெரிய தப்பு நடந்தால் மட்டும்.

நடைமுறை இப்படி: பில்லைச் சரிபார்த்து அட்டைக்குள் கார்டை வைப்பீர்கள், எடுத்துப் போய்த் தேய்த்துவிட்டு இரண்டு சீட்டோடு வருவார். ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடைச் சீட்டில் டிப் கோட்டில் 18.00, டோட்டல் கோட்டில் 114.30, கீழே கையெழுத்து. அவசரத்தில் உங்கள் சீட்டில் எழுதிவிட்டுக் கடைச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள், பாவம் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எழுதும் முன் பில்லில் ஏற்கெனவே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சமையலறைக் கட்டணம் என்று 3, 4 சதவீதம் தனியாகப் போடும் இடங்களும் உண்டு, அது பரிமாறுபவருக்குப் போகாது. ரொக்கம் மட்டுமே வாங்கும் கடைகள் இன்னும் இந்தப் பேட்டையில் இருக்கின்றன, அதற்கும் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

எழுந்துவிடுங்கள். இனிமேல்தான் மாலை.

இரண்டாம் பாதி

முதலில் நடங்கள், உடனே இனிப்புக் கடைக்குப் போகாதீர்கள். நார்த் ஸ்கொயரில் 1680 வாக்கில் கட்டிய, அமெரிக்க விடுதலைப் போராளி பால் ரெவியர் வாழ்ந்த வீடு சாம்பல் மரப்பலகையோடு நிற்கும், ராத்திரி மூடியிருக்கும், வெளியே நின்று பார்க்கலாம். 1775 ஏப்ரல் 18 இரவு ஆங்கிலேயப் படை வருவதைச் சொல்ல இரண்டு விளக்கு ஏற்றிய ஓல்ட் நார்த் தேவாலயம், 1723-இல் கட்டியது, அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள். துறைமுகப் பக்கம் காமர்ஷியல் தெருவில் 1919 ஜனவரி 15 அன்று ஒரு பெரிய கரும்புப்பாகுத் தொட்டி வெடித்து, எண்பது லட்சம் லிட்டருக்கு மேல் பாகு அலையாகத் தெருவில் பாய்ந்து 21 பேர் செத்துப்போனார்கள். அந்த இடத்தில் சின்னதாக ஒரு பலகை மட்டும் இருக்கிறது. பாகில் மூழ்கிச் சாவதா என்று என் வீட்டுக்காரர் நம்பவே இல்லை, நின்ற இடத்திலேயே போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

குளிர் தாங்காவிட்டால் நேரே ஹேனோவர் தெருவுக்கே திரும்பி வாருங்கள். கனோலிக்கு இரண்டு கட்சி: 1930-இல் தொடங்கிய மாடர்ன் பேஸ்ட்ரி, 1946-இல் தொடங்கிய மைக்ஸ் பேஸ்ட்ரி. எதிர் எதிராக வரிசை நிற்கும். மைக்ஸில் நூல் கட்டிய வெள்ளைப் பெட்டி, ரயிலில் பாதிப்பேர் மடியில் அதுதான் இருக்கும். பொரித்த மாவுக் குழலுக்குள் இனிப்பு ரிக்கோட்டா அடைப்பது கனோலி. எங்கே வாங்கினாலும் அடைத்த கொஞ்ச நேரத்திலேயே தின்றுவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் குழல் நமத்துப்போகும். இரண்டு பேருக்கு ஒன்று போதும், பெரிசு. உட்கார்ந்து காபி வேண்டுமானால் 1929-லிருந்து இருக்கும் கஃபே விட்டோரியா. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சினோ குடிப்பது இத்தாலியில் கேலிக்குரியது என்பார்கள், இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை. டிராமிசு வாங்கினால் முட்டையும் சில சமயம் மதுவும் இருக்கும் என்று சைவக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொல்லக் கூடாது.

காபிக் கடையிலும் கூட்டம் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு கிரீன்வே பெஞ்சுக்கு வாருங்கள். எங்கள் நல்ல பேச்சுகள் எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் நடந்திருக்கின்றன, வீடு வாங்குவதா, ஊருக்குத் திரும்புவதா என்பது உட்பட. முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.

மறுநாள்

கட்டிக்கொண்டு வந்ததை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். மீன் பாஸ்தாவை மிச்சம் வைக்கவே கூடாது, மறுநாள் ரப்பர், அங்கேயே முடித்துவிடுங்கள். மற்றப் பாஸ்தாவை அகலமான வாணலியில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, சின்னத் தீயில் மூடி வைத்தால் மூன்று நிமிடத்தில் சாஸ் இளகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். எக்ப்ளான்ட் பார்மேசானை ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பதினைந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் மூடியை எடுத்துவிட்டு, ஓரம் மொறுமொறுப்பாக. அவர் அதன்மேல் இட்லிப்பொடி தூவிச் சாப்பிடுகிறார். நான் அந்த நேரம் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.